டை காஸ்ட் அலுமினியத்தில் ஹார்டு அனோடைசிங்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

ஹார்டு அனோடைசிங் என்பது குளிர்ந்த ஆசிட்டில் அலுமினியத்தை இறக்கிக் கரன்ட் செலுத்தி, அதன் மேல் கெட்டியான ஆக்சைடு படலம் வளர்ப்பது. 6061 என்ற உருட்டிய அலுமினியத் தகட்டைப் போட்டால் கருஞ்சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினாலும் அசையாத படலம் வருகிறது. அதே தொட்டி, அதே ஆசிட், அதே ஆள். டை காஸ்ட் பாகத்தை (உருகிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்த்தது) மாட்டினால் ஒரு நாள் எரிந்து ஓட்டையாகிறது. மறுநாள் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டுகிறது. இன்னொரு நாள் ஒரே ஜிக்கில் (பாகங்களை மாட்டிக் கரன்ட் கொடுக்கும் சட்டம்) ஆறு பீஸ் நன்றாகவும் நான்கு பீஸ் திட்டுத் திட்டாகவும் வருகின்றன. உடனே ஆசிட்டை மாற்று, சில்லரை (ஆசிட்டைக் குளிர்விக்கும் இயந்திரம்) கழற்று, ரெக்டிஃபையரை (தொட்டிக்கு டிசி கரன்ட் தரும் கருவி) திட்டு என்று ஆரம்பித்துவிடுகிறோம். பல நேரம் குற்றம் தொட்டியில் இல்லை, தொட்டிக்குள் இறங்கிய உலோகத்தில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் எதைச் சரிசெய்தாலும் இருட்டில் ஊசி தேடுகிற கதைதான்.

தொட்டியில் கை வைக்கும் முன்

முதல் கேள்வி: இது என்ன கலவை? “அலுமினியம் டை காஸ்ட்” என்பது பதில் ஆகாது. ஏ380 என்றால் சிலிக்கான் 7.5 முதல் 9.5 சதவீதம், செம்பு 3 முதல் 4 சதவீதம். ஏடிசி12 என்றால் சிலிக்கான் 9.6 முதல் 12, செம்பு 1.5 முதல் 3.5. ஏ413-இல் சிலிக்கான் 11 முதல் 13 வரை போகும், ஆனால் செம்பு 1 சதவீதத்துக்குள் நிற்கும். ஏ360-இல் செம்பு 0.6 சதவீதத்துக்கு மேல் போகாது, அதனால் சற்று அடங்கி நடக்கும். 518 என்ற கலவையில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை, மெக்னீசியம் 7.5 முதல் 8.5. அனோடைசிங்குக்கு டை காஸ்ட் கலவைகளிலேயே இதுதான் நல்ல பிள்ளை. ஆனால் வார்ப்பது கடினம் என்பதால் கைக்கு அதிகம் வராது.

இந்த இரண்டு எண்களையும் ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்? சிலிக்கான் ஆக்சைடு படலமாக மாறாது. சோற்றில் கிடக்கும் கல் மாதிரி அப்படியே படலத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். படலம் அதைச் சுற்றி வளைந்து வளர வேண்டும், அதற்கு வோல்டேஜ் அதிகம் கேட்கும். செம்பின் கதை வேறு. அலுமினியத்தோடு சேர்ந்து அது உண்டாக்கும் துகள்கள் ஆசிட்டில் சுற்றியுள்ள உலோகத்தைவிட வேகமாகக் கரையும். அந்த இடத்தில் ஆக்சிஜன் குமிழி கிளம்பும், கரன்ட் வீணாகும், சூடு ஏறும். வோல்டேஜை ஏற்றச் சொல்வது சிலிக்கான், ஏற்றினால் எரிப்பது செம்பு. ஏ380, ஏடிசி12 இரண்டிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

அமெரிக்க ராணுவத் தரமான மில்-8625, செம்பு 5 சதவீதத்தையோ சிலிக்கான் 8 சதவீதத்தையோ தாண்டும் கலவைகளை ஹார்டு அனோடைசிங்குக்கு ஏற்பதில்லை. சிலிக்கான் அதிகமென்றால் வாங்குபவர் தனியாக ஒப்புதல் தர வேண்டும். ஐஎஸ்ஓ 10074 தரமும் செம்பு, சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்புகளைத் தனி வகுப்பில் வைத்து, அதன் கடினத்தன்மையை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளச் சொல்கிறது. தரம் எழுதியவர்களே கையைத் தூக்கிய இடம் இது. வரைபடத்தில் “50 மைக்ரான், 6061-க்கு நிகரான கடினம்” என்று எழுதி ஏடிசி12 பீஸை அனுப்பினால், கோளாறு அந்தக் காகிதத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது, சாட்சித் துண்டு. 6061 தகட்டில் ஒரு துண்டு வெட்டி, பரப்பளவை அளந்து, வழக்கமான அமைப்பில் ஓட்டிப் பாருங்கள். அது சரியாக வந்தால் ஆசிட், குளிர்ச்சி, ரெக்டிஃபையர் மூன்றும் விடுதலை. அதுவும் கெட்டுப்போனால் காஸ்டிங்கைக் குறை சொல்லாதீர்கள், தொட்டியைப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தத் துண்டைக் காஸ்டிங்குகளோடு ஒரே ஜிக்கில் மாட்டக் கூடாது. ஒவ்வொரு கலவையும் வேறு வோல்டேஜ் கேட்கும். ஒன்றாகத் தொங்கவிட்டால் எதிர்ப்பு குறைந்தது கரன்ட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும், சோதனையே பொய்யாகிவிடும். தனி லோடாக ஓட்டுங்கள்.

சரி, இனி அறிகுறிகள்.

பாகம் எரிகிறது, ஓட்டை விழுகிறது

டை காஸ்டில் அதிகம் அழவைப்பது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

எரிதல் தொடங்குவதை மீட்டரிலேயே பார்க்கலாம். கரன்ட்டை நிலையாக வைத்து ஓட்டினால், ஏறிக்கொண்டே போக வேண்டிய வோல்டேஜ் திடீரென்று சரியும். வோல்டேஜை நிலையாக வைத்திருந்தால் கரன்ட் குதிக்கும். உள்ளே நடப்பது எளிது. ஓரிடத்தில் சூடு ஏறுகிறது. சூடான இடத்தில் படலம் கரைகிறது. கரைந்த இடத்தில் எதிர்ப்பு குறைகிறது. குறைந்த இடத்துக்கு இன்னும் கரன்ட் பாய்கிறது. அதனால் இன்னும் சூடு. இந்தச் சுழல் தானாக நிற்காது. ஊசி சரிந்ததைப் பார்த்த உடனே கரன்ட்டை நிறுத்துங்கள். “இன்னும் ஐந்து நிமிஷம்தானே” என்று விட்டால் அந்த ஒரு பீஸ் மற்ற பீஸ்களின் கரன்ட்டையும் தின்றுவிட்டுத்தான் ஓயும்.

அப்புறம் எரிந்த பீஸைத் தூக்கிக் குப்பையில் போடாதீர்கள். எந்த இடத்தில் எரிந்தது என்பதே பாதிப் பதில்.

ஜிக் தொடும் இடத்தில் எரிந்திருந்தால் தொடுப்பு சரியில்லை. சாதாரண அனோடைசிங்கில் போதுமான ஸ்பிரிங் கிளிப் இங்கே போதாது. போல்ட் போட்டு முறுக்கிய அலுமினியத் தொடுப்பு வேண்டும். கையால் ஆட்டினால் பாகம் கொஞ்சம்கூட நகரக் கூடாது. அலுமினிய ஜிக்கை ஒவ்வொரு முறையும் ஸ்டிரிப் செய்ய (படலத்தை உரிக்க) வேண்டும், ஏனென்றால் போன லோடில் அதன் மேலேயே வளர்ந்த படலம் கரன்ட்டைக் கடத்தாது. டைட்டானியம் ஜிக்குக்கு அந்த வேலை இல்லை, ஆனால் அதே தடிமனில் அலுமினியம் தாங்கும் கரன்ட்டை டைட்டானியம் தாங்காது.

மெல்லிய ரிப் (விலாச் சுவர்), கூர்மையான விளிம்பு இவற்றில் எரிந்திருந்தால் கரன்ட் அங்கே குவிகிறது, சூட்டை இழுத்துக்கொள்ள உலோகமும் இல்லை. கேத்தோடுக்கு (தொட்டியில் தொங்கும் எதிர்மின் தகடு) நேர் எதிரே அந்த விளிம்பு நிற்கிறதா பாருங்கள். பாகத்தைத் திருப்பி மாட்டினாலே சில சமயம் தீர்ந்துவிடும்.

உள்பள்ளத்திலும் குருட்டுத் துளையிலும் எரிந்திருந்தால் குளிர்ந்த ஆசிட் அங்கே போய்ச் சேரவில்லை. தெர்மாமீட்டர் 0 டிகிரி காட்டும், ஆனால் அது தொட்டியின் மூலையில் இருக்கிறது. படலம் வளரும் இடத்தின் வெப்பம் அதுவல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 150 ஆம்பியர், 50 வோல்ட் என்றால் 7.5 கிலோவாட். சிலிக்கான் காரணமாக வோல்டேஜ் 70-க்கு ஏறினால் அதே கரன்ட்டில் 10.5 கிலோவாட். இவ்வளவும் பாகத்தின் மேற்பரப்பை ஒட்டியே பிறக்கிறது. சில்லர் பெரிதாக இருப்பது மட்டும் பயன்படாது, அந்தக் குளிர்ச்சி பாகத்தின் மேல் வீச வேண்டும். காற்றுக் குழாயைப் பாகத்துக்கு நேர் கீழே கொண்டுவருவது, பம்பின் வெளிவாயைப் பள்ளத்தை நோக்கித் திருப்புவது, பீஸ்களுக்கு நடுவே இடைவெளி கூட்டுவது ஆகிய மூன்றும் ஆசிட் மாற்றுவதைவிட மலிவானவை, பலனும் கூடுதல்.

கேட் பகுதியிலோ (உலோகம் அச்சுக்குள் நுழையும் வாய்) தடிமனான பாஸிலோ (போல்ட் ஏற்கும் மேடு) எரிந்திருந்தால் பெரும்பாலும் வார்ப்பின் குறை. கடைசியில் உறைந்த இடத்தில் செம்பும் குமிழி ஓட்டைகளும் குவிந்திருக்கும். எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் அறுத்துப் பாருங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி இருந்தால் பேச வேண்டியது வார்ப்பவரிடம்.

ஒரே ஒரு பீஸ் மட்டும் எரிந்தால், முதலில் தொடுப்பு. அடுத்ததாக ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உள்ளே வார்த்து வைத்த ஸ்டீல் இன்சர்ட் அல்லது பித்தளை புஷ் இருக்கிறதா? அந்த உலோகங்களில் படலம் வளராது. கரன்ட்டை வாரி இழுத்து, தானும் கரைந்து, பக்கத்து அலுமினியத்தையும் கெடுக்கும். இன்சர்ட்டை அனோடைசிங்குக்குப் பிறகு பொருத்த முடியுமானால் அதுதான் வழி. முடியாதென்றால் லேக்கரும் ரப்பர் அடைப்பானும் போட்டு ஆசிட் சொட்டுகூடப் போகாமல் மூட வேண்டும்.

எல்லா பீஸும் எரிந்தால் ஏற்றும் வேகத்தைப் பாருங்கள். 6061-க்குச் சதுர டெசிமீட்டருக்கு 2.5 முதல் 3.5 ஆம்பியர் என்று பழகிய கை, காஸ்டிங்குக்கும் அதையே வைக்கும். இங்கே 1.5 முதல் 2 வரை போதும். அதையும் எடுத்த எடுப்பில் வைக்கக் கூடாது. அரை ஆம்பியருக்குக் கிட்டத்தில் தொடங்கி, பதினைந்து இருபது நிமிடங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் உருவாகும் மெல்லிய படலம் சீராக இருந்தால்தான் மேற்கொண்டு ஏறும் வோல்டேஜை எல்லா இடமும் சமமாகத் தாங்கும். பல்ஸ் ரெக்டிஃபையர் இருந்தால் இன்னும் நல்லது, கரன்ட் குறையும் இடைவெளியில் சூடு வெளியேற நேரம் கிடைக்கிறது. ஆனால் தளர்ந்த தொடுப்பை எந்த ரெக்டிஃபையரும் காப்பாற்றாது.

படலம் பொடியாக, சுண்ணாம்பு மாதிரி வருகிறது

துணியால் துடைத்தால் வெள்ளையாக ஒட்டும். வளர்ந்த படலத்தின் வெளிப்பக்கத்தை ஆசிட் கரைத்துக்கொண்டே வந்திருக்கிறது என்று பொருள். சாட்சித் துண்டிலும் இப்படி வந்தால் கரைசலைச் சோதியுங்கள். சல்ஃபியூரிக் ஆசிட் லிட்டருக்கு 180 முதல் 200 கிராம், வெப்பம் 0 டிகிரி செல்சியஸை ஒட்டி, கரைந்த அலுமினியம் 5 முதல் 15 கிராம். அலுமினியம் 20 கிராமைத் தாண்டினால் கரைசலில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது ஆசிட் சேர்க்க வேண்டும். முழுதும் புதிதாகக் கலக்கிய கரைசலும் முதல் சில லோடுகளுக்கு அடம்பிடிக்கும். பழைய கரைசலில் கொஞ்சம் மிச்சம் வைத்துப் புதிதில் ஊற்றுவது அதற்காகத்தான், தயிருக்கு உறை குத்துவது மாதிரி.

சாட்சித் துண்டு நன்றாக இருந்து காஸ்டிங் மட்டும் பொடியாக வந்தால், காரணம் பெரும்பாலும் நேரம். எரியக் கூடாது என்று கரன்ட்டைக் குறைத்தோம். குறைத்ததால் அதே கனத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆசிட்டில் கிடக்கிறது. கிடக்கும் நேரமெல்லாம் மேல்பக்கம் கரைகிறது. கரன்ட்டைக் கூட்டினால் எரியும், குறைத்தால் பொடியும். டை காஸ்டில் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாதை மிகக் குறுகலானது.

அந்தப் பாதையைக் கொஞ்சம் அகலமாக்க வழிகள் உண்டு. லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் ஆக்சாலிக் ஆசிட் சேர்த்தால் படலம் கரையும் வேகம் குறையும். அதே வேலைக்கென்று விற்கப்படும் சேர்மானங்களும் உள்ளன. சல்ஃபியூரிக் ஆசிட்டைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவரலாம். ஆனால் என் அபிப்பிராயத்தில் முதலில் செய்ய வேண்டியது கனத்தைக் குறைப்பது. ஏடிசி12-இல் உறுதியான 25 மைக்ரான், பொடி உதிரும் 50 மைக்ரானைவிடத் தேய்மானத்தைத் தாங்கும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லத் தயங்கி, இரவெல்லாம் தொட்டியோடு மல்லுக்கட்டுவதில் லாபம் இல்லை.

வோல்டேஜ் மளமளவென்று ஏறி உச்சத்தில் நிற்கிறது, கனம் வரவில்லை

சிலிக்கான் அதிகமுள்ள கலவையில் வோல்டேஜ் சீக்கிரம் ஏறுவது இயல்பு. ரெக்டிஃபையர் தன் உச்சத்தைத் தொட்ட பிறகு கரன்ட் தானாக இறங்கத் தொடங்கும். அதன்பின் ஓடும் நேரத்தில் வளர்ச்சியைவிடக் கரைவதுதான் அதிகம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இயல்புக்கு மீறி ஏறினால் பார்க்க வேண்டியவை: தொடும் இடம் சிறியதாக இருக்கிறதா, ஆசிட் நீர்த்துவிட்டதா, வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே வெகுதூரம் போய்விட்டதா, கேத்தோடு இணைப்பில் துரு பிடித்திருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைச் சோதிக்க, ஓடும்போது பஸ்பாரிலிருந்து (கரன்ட்டைத் தொட்டிக்குக் கொண்டுவரும் கட்டை) கேத்தோடு வரைக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்கே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரு இணைப்பில் மட்டும் வோல்ட் கணக்கில் இறக்கம் காட்டினால் திருடன் அகப்பட்டான்.

வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கனம் குறைவு

கணக்கிலிருந்து தொடங்குங்கள். உருட்டிய அலுமினியத்தில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஒரு ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் சுமார் 0.3 மைக்ரான் வளரும். 2 ஆம்பியரில் 60 நிமிடம் என்றால் 36 மைக்ரான். காஸ்டிங்கில் இது நிச்சயம் குறையும். செம்பு ஆக்சிஜனாக வீணடிக்கும் கரன்ட்டும், சிலிக்கான் அடைத்துக்கொண்ட இடமும் கழிவுதான். எவ்வளவு குறையும் என்பதை உங்கள் பாகத்தில் ஒருமுறை ஓட்டி, அறுத்து, அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றொரு கலவைக்கு அந்த எண் செல்லாது.

பரப்பளவு தவறாக இருப்பதும் உண்டு. டை காஸ்ட் பாகத்தில் ரிப், பாஸ், பின்பக்கப் பள்ளம் என்று மறைந்த பரப்பு ஏராளம். வெளியே தெரியும் அளவை வைத்துக் கணக்கிட்டுப் பாதிப் பரப்பை விட்டுவிட்டால், நீங்கள் 2 ஆம்பியர் என்று நினைப்பது உண்மையில் ஒன்றுதான். முப்பரிமாண வரைபடத்திலிருந்து பரப்பளவைக் கேட்டு வாங்குங்கள்.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். எடி கரன்ட் மீட்டரை 6061 தகட்டில் பூஜ்யம் செய்துவிட்டு ஏ380-இல் வைத்தால் எண் தப்பாக வரும். இரண்டின் மின்கடத்தும் திறனும் வேறு. அதே வார்ப்பில், அனோடைஸ் செய்யாத பீஸில், அளக்கப்போகும் அதே இடத்தில் பூஜ்யம் செய்ய வேண்டும். கரடான பரப்பில் ஒரு அளவீட்டை நம்பாதீர்கள், ஐந்தாறு எடுத்துச் சராசரி பாருங்கள். சண்டை என்று வந்தால் ஒரு பீஸை வெட்டி, பாலிஷ் செய்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அப்போது படலத்தின் அடிக்கோடு நேராக இல்லாமல் அலையலையாகத் தெரியும், சிலிக்கான் ஊசிகள் நின்ற இடத்தில் மெலிந்திருக்கும். அது கோளாறு அல்ல, கலவையின் முகம்.

திட்டுத் திட்டான நிறம், ஓடிய தடம் மாதிரிக் கோடுகள்

காஸ்டிங்கில் 6061-இன் சீரான நிறத்தை எதிர்பார்ப்பதே தவறு. மங்கிய சாம்பலிலிருந்து கரும்பழுப்பு வரை வரும். ஒரே பாகத்தில் இரண்டு நிறம் வருவதற்கு மூன்று காரணங்கள் பொதுவானவை.

ஒன்று, மெஷின் செய்த பரப்பும் வார்த்த தோலும். அச்சுச் சுவரில் பட்டு வேகமாக உறைந்த தோல் நெருக்கமாக, நுண்ணிய அமைப்போடு இருக்கும். அதைச் சீவிவிட்டால் உள்ளே இருக்கும் பெரிய சிலிக்கானும் ஓட்டைகளும் வெளியே வரும். இரண்டும் ஒரே நிறத்தில் வராது. இதைத் திருத்த முடியாது, முன்கூட்டியே சொல்லிவைக்க மட்டுமே முடியும்.

இரண்டு, உலோகம் அச்சுக்குள் ஓடிய தடங்கள். குளிர்ந்துபோன இரண்டு ஓட்டங்கள் சந்தித்த கோடு அனோடைசிங்குக்குப் பிறகு பளிச்சென்று தெரியும். பீஸ் பீஸாக ஒரே இடத்தில் வருகிறதா பாருங்கள். வந்தால் அது அச்சும் வார்ப்பு வெப்பமும் சம்பந்தப்பட்டது.

மூன்று, அச்சிலிருந்து பாகம் விடுபடத் தெளிக்கும் எண்ணெய். சிலிக்கோன், மெழுகு சேர்ந்த இந்தத் திரவம் சூடான உலோகத்தில் சுட்டு ஒட்டிப்போகும். சாதாரண கிளீனர் அதைத் தொடாது. கிளீனரிலிருந்து எடுத்துக் கழுவிய பாகத்தின் மேல் தண்ணீர் ஒரே விரிப்பாக நிற்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் முத்து முத்தாகப் பிரிந்தால் அழுக்கு போகவில்லை. இதற்கு நல்ல மருந்து கண்ணாடி மணிகளால் மென்மையான பிளாஸ்டிங். அது நிறத்தையும் ஓரளவு சமப்படுத்தும். ஸ்டீல் ஷாட் வேண்டாம். இரும்புத் துகள் பரப்பில் பதிந்து, ஆசிட்டில் கரைந்து, குழியாகவோ எரிதலாகவோ திரும்பி வரும். ஒருமுறை இரண்டு நாள் ஆசிட்டையே சந்தேகப்பட்டுச் சோதித்த பிறகு, பாகங்கள் வருவதற்கு முன்பே ஸ்டீல் ஷாட்டில் அடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து, வரும் பாகத்துக்கு முன்பு என்னவெல்லாம் செய்தார்கள் என்று கேட்காமல் ஜிக்கில் மாட்டுவதில்லை.

எட்ச்சிங்குக்குப் பிறகு கரி பூசியது மாதிரி ஆகிறது

எட்ச்சிங்கில் காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிட்டுச் சிலிக்கானையும் செம்பையும் மேலே விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கரிதான் ஸ்மட். அதன் மேலேயே அனோடைஸ் செய்தால் படலம் பிடிமானமில்லாமல், பஞ்சு போல வரும்.

முடிந்தவரை எட்ச்சிங்கைத் தவிருங்கள், அல்லது அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நைட்ரிக் ஆசிட் மட்டும் போட்டால் செம்பும் இரும்பும் போகும், சிலிக்கான் போகாது. அதற்கு ஃப்ளூரைடு வேண்டும்: நைட்ரிக் ஆசிட்டோடு அம்மோனியம் பைஃப்ளூரைடு கலந்த டீஸ்மட் (ஸ்மட்டை நீக்கும் கரைசல்). வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டாவிட்டால் போதும். அதிக நேரம் விட்டால் பரப்பைக் கரடாக்கிவிடும்.

இந்தத் தொட்டியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிட்டில் ஃப்ளூரைடு சேர்ந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் உண்டாகிறது. தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது, உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். முழுக் கையுறை, முகக் கவசம், கைக்கெட்டும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் அருகில் போகக் கூடாது. பட்டுவிட்டால் கழுவி, ஜெல் தடவி, நேராக மருத்துவமனைக்கு. இன்னொன்று, ஃப்ளூரைடு டைட்டானியத்தைத் தின்னும். டைட்டானியம் ஜிக்கோடு இந்தத் தொட்டியில் இறக்கினால் கொஞ்ச நாளில் ஜிக் மெலிந்து, தொடுப்பு தளர்ந்து, மேலே சொன்ன எரிதல் தொடங்கும். டீஸ்மட்டுக்குப் பின் இரண்டு முறை நன்றாகக் கழுவுங்கள், ஃப்ளூரைடு அனோடைசிங் தொட்டிக்குள் போகக் கூடாது.

ஊசிக்குத்து மாதிரிக் குழிகள்

வார்ப்பிலேயே இருந்த குமிழியா, நாம் உண்டாக்கியதா என்று முதலில் பிரியுங்கள். அனோடைஸ் செய்யாத பீஸை எட்ச் செய்து பாருங்கள், அதிலும் இருந்தால் வார்ப்பு. இல்லையென்றால் குளோரைடைச் சோதியுங்கள். கரைசலிலும் கழுவும் தண்ணீரிலும் அது கூடினால் இப்படிக் குத்தும்.

டை காஸ்ட் அதிகம் ஓடும் தொட்டியில் கரைந்த செம்பும் சேரும். கேத்தோடில் செம்பு நிறத் தூள் படிந்திருந்தால் அடையாளம் கிடைத்துவிட்டது. அந்தத் தொட்டியில் கரன்ட் இல்லாமல் பாகம் ஊறினால் செம்பு பாகத்தின் மேலேயே படிந்து, அதைச் சுற்றிக் குழி விழும். இறக்கியவுடன் கரன்ட், நிறுத்தியவுடன் வெளியே. கழுவும் தொட்டியில் தொங்கவிட்டு டீ குடிக்கப் போவதும் அதே தப்புதான்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைக் கறை கசிகிறது

அனுப்பும்போது பாகம் சுத்தம். பெட்டியைத் திறக்கும்போது துளைகளின் ஓரத்தில் வெள்ளைப் பூ. வார்ப்பின் ஓட்டைகளுக்குள் புகுந்த ஆசிட் மெல்ல வெளியே வந்திருக்கிறது. மெஷின் செய்த இடங்களில்தான் அதிகம் வரும், ஏனென்றால் அங்கேதான் தோல் சீவப்பட்டு ஓட்டை திறந்திருக்கிறது.

உடனடி நிவாரணம்: குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர், மறுபடி குளிர்ந்த நீர் என்று மாற்றி மாற்றிக் கழுவுவது, நடுவில் சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஒரு முக்கு. அல்ட்ராசோனிக் இருந்தால் நல்லது. பின்பு வெதுவெதுப்பான அடுப்பில் உலர்த்தி, ஓர் இரவு வெள்ளைத் தாளில் சுற்றி வையுங்கள். காலையில் தாளில் கறை இருந்தால் மறுபடி கழுவல். ஈரம் செய்த பிஎச் தாளைத் துளையின் வாயில் ஒட்டிப் பார்த்தாலும் தெரியும்.

நிரந்தர வைத்தியம் வேக்யூம் இம்ப்ரெக்னேஷன். மெஷினிங் முடித்த பிறகு, அனோடைசிங்குக்கு முன், ஓட்டைகளை ரெசின் கொண்டு நிரப்புவது. வெளிப்பரப்பில் ரெசின் மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் படலமே வளராது என்பதால், கழுவியதை நீர் விரிப்புச் சோதனையால் உறுதி செய்யுங்கள்.

சீலிங் (படலத்தின் நுண்துளைகளை மூடுவது) செய்தால் நின்றுவிடும் என்று சிலர் கொதிநீரில் போடுவார்கள். ஓட்டைக்குள் இருக்கும் ஆசிட் சூட்டில் விரிந்து வெளியே வந்து இன்னும் கறையாக்கும். தேய்மானத்துக்காகப் போட்ட படலத்தைச் சீலிங் மென்மையாக்கவும் செய்யும். அரிப்பைத் தடுக்க வேண்டிய பாகம் என்றால் மட்டும் சீல் செய்யுங்கள்.

மயிரிழை விரிசல், மூலையில் உதிர்தல்

ஆக்சைடு படலம் சூட்டில் விரிவது அலுமினியம் விரிவதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். 0 டிகிரியில் வளர்ந்ததை நேரே 95 டிகிரி நீரில் போட்டால் அடியிலுள்ள உலோகம் இழுக்கும், படலம் வெடிக்கும். படிப்படியாகச் சூடாக்கினால் குறையும், முழுதும் போகாது.

மூலைக்கு வளைவு வேண்டும். படலம் மேற்பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால் கூர்மையான மூலையில் இரண்டு பக்கப் படலமும் சேராமல் இடைவெளி விடும். 25 மைக்ரானுக்குச் சுமார் 0.8 மில்லிமீட்டர், 50 மைக்ரானுக்குச் சுமார் 1.6 மில்லிமீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்ளலாம். டை காஸ்டில் இரண்டு அச்சுகள் சேரும் கோட்டில் மிஞ்சும் பிசிறு கத்தி மாதிரி இருக்கும். அதைத் தேய்க்காமல் மாட்டினால் முதலில் உதிர்வதும், பல நேரம் முதலில் எரிவதும் அதுதான்.

பொருத்தும்போது அளவு ஒத்துவரவில்லை

50 மைக்ரான் படலத்தில் பாதி உலோகத்துக்குள்ளே போகும், பாதி வெளியே நிற்கும். அதாவது ஒரு பக்கத்துக்கு 25 மைக்ரான் கூடும், துளையின் விட்டம் 50 மைக்ரான் குறையும். 60 டிகிரி மரையில் பிட்ச் விட்டம் (மரையின் நடு விட்டம்) வெளியே நிற்கும் அளவைப்போல் நான்கு மடங்கு மாறும், அதாவது 100 மைக்ரான். டேப் போட்ட துளைகளை அடைத்துவிடுவது நல்லது. இந்தப் பாதிக்குப் பாதி என்பது உருட்டிய அலுமினியத்தின் கணக்கு. காஸ்டிங்கில் முதல் பீஸை முன்னும் பின்னும் அளந்து உங்கள் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போனதை ஸ்டிரிப் செய்து மறுபடி ஓட்டலாமா?

ஓட்டலாம், ஒருமுறை. ஸ்டிரிப் செய்தால் உள்ளே போன பாதி உலோகமும் போய்விடும், மறுபடி ஓட்டினால் இன்னொரு பாதி போகும். காஸ்டிக்கில் உரித்தால் அடியிலுள்ள அலுமினியத்தையும் தின்று பரப்பைச் சிதைக்கும். குரோமிக் ஆசிட், பாஸ்பாரிக் ஆசிட் கலந்த சூடான கரைசல் உலோகத்தை அதிகம் தொடாமல் படலத்தை மட்டும் எடுக்கும், ஆனால் அது நச்சு, கழிவைத் தனியாகக் கையாள வேண்டும். எரிந்து குழியான பீஸை எதில் உரித்தாலும் குழி நிரம்பப் போவதில்லை.

காரணம் கண்டுபிடிக்காமல் மறுபடி ஓட்டிய பீஸ் அதே இடத்தில்தான் எரியும். இரண்டாம் முறையும் அப்படியே வந்தால், கலவையை ஏ360-க்கோ 518-க்கோ மாற்ற முடியுமா, இந்தப் பாகத்துக்கு எலக்ட்ரோலெஸ் நிக்கல் (கரன்ட் இல்லாமல் போடும் நிக்கல் பூச்சு) போதுமா என்று வடிவமைத்தவரிடம் கேளுங்கள். கேட்கும்போது அறுத்த பீஸையும், சாட்சித் துண்டையும், வோல்டேஜ் சரிந்த நிமிடம் குறித்த லாக் தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.